எல்லாம் இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. உங்களுக்கும் இப்படியா?

1. மேடவாக்கத்தான் – 2025 பிப்ரவரி 4, அதிகாலை 3.12

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல் முறையாக ஓர் இழை தொடங்குகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 39. மனைவி, ஏழாவது படிக்கும் மகள், மேடவாக்கத்தில் சொந்தமாக ஒரு ஃபிளாட். வேலை சிறுசேரியில். அப்பா போன பிறகு அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். யாருக்கும் பெரிய வியாதி இல்லை, எனக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. சொல்லப்போனால் புலம்புவதற்கு ஒரு காரணமும் கிடையாது. புலம்பவும் முடியாமல் இருப்பதுதான் பெரிய தொல்லையாக இருக்கிறது.

ராத்திரி 9.30-க்கு அமெரிக்கக் குழுவோடு மீட்டிங். நவம்பர் வரை 8.30-க்கு இருந்தது. அவர்கள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள், இங்கே என் வீட்டில் சாப்பாடு ஆறுகிறது. மீட்டிங் முடிய 11 ஆகும். படுத்தால் இரண்டரைக்கு டாணென்று விழிப்பு. அம்மா சாயங்காலம் ஏன் போனை எடுக்கவில்லை, ஏப்ரலில் ஆட்குறைப்பு என்கிறார்களே, வீட்டுக் கடன், மகளின் கணக்கு டியூஷன், நாளைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை என்று வரிசையாக வந்து நிற்கும். மூன்று மணிக்குப் போனை எடுத்து ஆபீஸ் மெயிலைப் பார்ப்பேன். பார்த்து என்ன கிழிக்கப் போகிறேன் என்று தெரியாது, ஆனால் பார்ப்பேன்.

போன வாரம் சோழிங்கநல்லூர் சிக்னலில் மெட்ரோ வேலைக்குப் போட்ட தகரத் தடுப்புக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவில் பைக்கில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று அழுகை வந்துவிட்டது. எதற்கென்றே தெரியவில்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன், கிளம்பிவிட்டேன்.

ஆபீஸில் மனநல வகுப்பு ஒன்று நடத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் வைத்ததால் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு "நிதானமாக மென்று சாப்பிடுவது எப்படி" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நீங்கள் எல்லாம் எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்? "பாசிட்டிவாக இருங்கள்" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

2. சும்மாதான்வந்தேன் – பிப்ரவரி 4, காலை 7.40

பாசிட்டிவாக இருங்கள்.

மன்னிச்சுக்கோங்க தல, கை அரித்தது. எனக்கும் இதே கதைதான், இரண்டரைக்குப் பதில் மூன்றே கால். பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் போய் ஒரு ஏக்கர் நிலம், இரண்டு மாடு, வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் என்று போய்விடலாமா? வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கனவு எனக்கு வருகிறது. உங்களுக்குத்தான் மன்னார்குடி இருக்கிறதே.

3. ஓய்வுபெற்றவன் – பிப்ரவரி 4, காலை 9.05

தம்பி, எங்கள் காலத்தில் இந்த டென்ஷன் என்ற சொல்லே கிடையாது. எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குத் தூக்கம், விடியற்காலை எழுந்தால் கோயில், குளம். இன்று எல்லோருக்கும் ஆசை கூடிவிட்டது, அதோடு சேர்ந்து பதற்றமும் கூடிவிட்டது. ஆசையைக் குறைத்தால் தூக்கம் தானாக வரும். திருமுடிவாக்கத்தில் விபாசனா தியான மையம் இருக்கிறது, பத்து நாள் வகுப்பு, கட்டணம் இல்லை, விருப்பப்பட்டால் முடிவில் நன்கொடை தரலாம். காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், ஒன்பது நாள் யாரோடும் பேச்சு கிடையாது, போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் இரண்டு முறை போய் வந்தேன். மூன்றாவது நாள் ஓடிவிடலாம் என்று தோன்றும், ஓடாமல் உட்கார்ந்தால் நல்லது.

4. ரங்கநாதன்தெரு – பிப்ரவரி 4, இரவு 11.50

பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்தில் ஒன்பது மணிக்குத் தூங்கியது யார்? எங்கள் பாட்டி விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நெல் அவித்தவர், பதினொரு பிள்ளை பெற்று ஐந்தைப் புதைத்தவர். அவருக்கு டென்ஷன் என்ற சொல் தெரியாது, சரி. அதற்காக அவர் நிம்மதியாக இருந்தார் என்று யார் சொன்னது? அவரிடம் யாராவது கேட்டார்களா?

நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவு. கடை பெயர் வேண்டாம். காலை 9.30-லிருந்து ராத்திரி 9.30 வரை நின்றபடியே வேலை. எங்களில் பாதிப் பேருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள், கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று. வந்தது. ஆறு பேருக்கு இரண்டு ஸ்டூல். ஆரம்பத்தில் அதில் உட்கார எங்களுக்கே பயமாக இருந்தது, மேஸ்திரி பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று. இப்போது முறை வைத்து உட்காருகிறோம், ஆளுக்குப் பத்து நிமிஷம். மேடவாக்கம் சாருக்கு நாள் முழுக்க நாற்காலி இருக்கிறது, தூக்கம் இல்லை. எனக்குப் படுத்தவுடன் தூக்கம், நாற்காலி இல்லை. கிண்டலாகச் சொல்லவில்லை சார். நீங்கள் சிக்னலில் அழுதது எனக்குப் புரிகிறது, நான் டிரயல் ரூமில் அழுதிருக்கிறேன்.

5. சோழநாட்டான் – பிப்ரவரி 5, காலை 6.15

சும்மாதான்வந்தேன் அவர்களே, அந்த ஒரு ஏக்கருக்கு வாங்க, வரவேற்கிறேன். நான் நீடாமங்கலம் பக்கம்.

போன வருஷம் ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குறுவை போச்சு. சம்பாவாவது தேறும் என்று பார்த்தால் கதிர் முற்றி அறுக்கப் போகும் நேரத்தில், பொங்கல் முடிந்த கையோடு மழை. சாய்ந்த பயிரை மெஷின் வைத்து அறுத்து, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காய வைக்க வெயில் வேண்டும், வெயில் வந்தால் பனி, பனி போனால் மறுபடி தூறல். நான்கு ராத்திரி நெல் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தியபடி படுத்திருந்தேன். மேலே வானம் நிறைய நட்சத்திரம். உங்கள் கனவில் வருகிற மாதிரியேதான் இருந்தது, என்ன, தூங்கத்தான் முடியவில்லை.

விவசாயத்துக்கு வராதீர்கள் என்று சொல்லவில்லை. மன அமைதிக்காக வராதீர்கள். அது இங்கே விளைவதில்லை.

6. வார்டுசிஸ்டர் – பிப்ரவரி 5, மதியம் 2.30

இழை வேறு எங்கோ போகிறது. முதல் பதிவை மறுபடி படித்தேன். மேடவாக்கம் அண்ணா, உங்களிடம் நேராகச் சில கேள்விகள். நான் ஓர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் செவிலியர், பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

இரண்டரை மணி விழிப்பு எத்தனை வாரமாக? முன்பு பிடித்த விஷயம் எதுவும் இப்போது பிடிக்காமல் போயிருக்கிறதா? எடை குறைந்ததா? செத்துப்போனால் தேவலை என்று எப்போதாவது தோன்றியதா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது. கேட்டால் பாதிப் பேர் "அப்பாடா" என்று மூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். முதலில் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, பி12 பார்ப்பார்கள், ஏனென்றால் அதிலேயே பாதிக் காரணம் இருக்கலாம். மாத்திரை எழுதினால் மூன்றாவது நாளே "ஒன்றும் தெரியவில்லையே" என்று நிறுத்தக் கூடாது, மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான். மெடிக்கல் ஷாப்பில் தெரிந்த பையனிடம் சொல்லித் தூக்க மாத்திரை வாங்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அது பழகிப்போனால் அதை விடுவிக்க ஒரு தனி வைத்தியம் வேண்டியிருக்கும்.

நேரில் போகத் தயக்கம் என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம், பணம் கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டால் போதும்.

நம் ஊரில் பெரிய தடை ஒரே ஒரு சொல்தான். "கீழ்ப்பாக்கம்". 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இத்தனை தலைமுறை ஆட்களைப் பார்த்திருக்கிறது. நம் ஆட்கள் அதை ஒரு வசவாக்கி வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

7. மேடவாக்கத்தான் – பிப்ரவரி 5, இரவு 11.20

சிஸ்டர், பதில்: மூன்று மாதமாக. ஆமாம். நான்கு கிலோ. கடைசிக் கேள்விக்கு, சாக வேண்டும் என்று இல்லை, ஆனால் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கிற மாதிரி சின்னதாக ஒரு விபத்து நடந்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு முறை தோன்றியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டேன்.

8. வார்டுசிஸ்டர் – பிப்ரவரி 5, இரவு 11.34

அந்த விபத்து ஆசை எங்கள் வார்டில் ரொம்பப் பரிச்சயமான ஒன்று, அண்ணா. லீவு கேட்க வாய் வராதவர்களுக்கு வருவது. டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள், கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். வீட்டில் அண்ணியிடமும் இன்றைக்கே சொல்லுங்கள்.

9. செங்கொடிக்காரன் – பிப்ரவரி 6, காலை 10.10

ஆசையைக் குறை, மூச்சைக் கவனி, மாத்திரை போடு. எல்லாம் சரி. ராத்திரி 11 மணி வரை மீட்டிங் வைக்கிறவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே? 2023-ல் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். இந்த ஜனவரியில் இன்னொரு பெரிய நிறுவனத் தலைவர் அதை 90 ஆக்கிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35-லிருந்து 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு வகை நோயால் சாகிற ஆபத்து 17 சதவீதம் அதிகம். வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலுக்குள் சேர்த்தபோதும் அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடம் சார்ந்த நிகழ்வு என்றுதான் எழுதியது. அதாவது கோளாறு இருக்கும் இடம் உங்கள் மண்டை மட்டும் இல்லை, வேலை செய்கிற இடமும்தான். ரங்கநாதன் தெரு அக்காவுக்கு ஸ்டூல் தியானத்தால் வந்ததா? கேட்டுக் கேட்டு, சட்டம் போட்டு வந்தது.

10. தோஹாவாசி – பிப்ரவரி 6, மாலை 5.45

தோழர் சொல்வது சரி, ஆனால் அவர் சொல்கிற மாற்றம் வருவதற்குள் மேடவாக்கத்தாருக்கு 60 வயது ஆகிவிடும். இன்று ராத்திரி அவர் என்ன செய்ய? நான் இங்கே பதினாலு வருஷம். என்னிடம் உள்ளது ஒரே பழக்கம்தான். அறைக்கு வந்ததும் போனை அலமாரியில் வைத்துவிட்டு முதலில் சமைப்பேன். வெங்காயம் நறுக்கி முடியும் வரை யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. முதலாளி இரண்டு முறை திட்டினார், அப்புறம் அவருக்கே பழகிவிட்டது.

11. பழையகேஷியர் – பிப்ரவரி 7, காலை 8.00

மேடவாக்கத்தான் தம்பிக்கு. நான் வங்கியில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். ராத்திரி வரிசையில் வந்து நிற்கிறவற்றில் "வீட்டுக் கடன்" என்று ஒன்று எழுதியிருந்தீர்கள். பயத்தில் இரண்டு வகை உண்டு, எண் தெரிந்த பயம், எண் தெரியாத பயம். இரண்டாவதுதான் தூங்க விடாது. எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு, தவணை எவ்வளவு, எந்த வருஷம் முடிகிறது? பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

12. மேடவாக்கத்தான் – பிப்ரவரி 7, இரவு 8.50

2021-ல் 45 லட்சம், 20 வருஷம், அப்போது வட்டி 6.75, தவணை 34,200. இப்போது 38,000 பிடிக்கிறார்கள். 2041-ல் முடியும்.

13. பழையகேஷியர் – பிப்ரவரி 7, இரவு 9.30

2041-ல் முடியாது. 2022 மே தொடக்கத்தில் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5. அதோடு சேர்ந்து உங்கள் வட்டியும் 9 பக்கம் போயிருக்கும். 45 லட்சத்துக்கு 9.25 என்றால் ஒரு மாத வட்டி மட்டுமே 34,600-க்கு மேல். அதற்குள் அசல் கொஞ்சம் குறைந்திருந்தாலும் உங்கள் பழைய தவணை ஏறத்தாழ முழுக்க வட்டிக்கே போய்விடும். அதனால் தவணையைக் கொஞ்சம் ஏற்றி, மீதியை வருஷத்தில் ஏற்றியிருப்பார்கள். என் கைக்கணக்குக்கு 2045 வாக்கில் வருகிறது. வங்கியில் தவணை அட்டவணை கேட்டு வாங்குங்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது, வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, வருஷத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். மாறும் வட்டிக் கடனில் முன்கூட்டிக் கட்டினால் தனிநபருக்கு அபராதமும் கிடையாது.

ஆனால் முன்கூட்டிக் கட்டுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, ஆறு மாதத் தவணை, அதாவது 2,28,000 ரூபாயைத் தனியாக ஒரு வைப்பில் போட்டு, அது எதற்கு என்று வீட்டம்மாவிடமும் சொல்லிவிடுவது. ஏப்ரலில் என்ன வந்தாலும் அக்டோபர் வரை வீடு உங்களுடையது. போனஸ், மகளின் பெயரில் மாதாமாதம் போடுகிற சீட்டு, எதிலிருந்து எடுப்பீர்களோ எடுங்கள்.

14. மேடவாக்கத்தான் – பிப்ரவரி 11, இரவு 10.40

அட்டவணை வாங்கினேன். 2045 நவம்பர். கேஷியர் சார், நீங்கள் மனிதரா ஜோசியரா?

நான்கு வருஷம் கூடியதைப் பார்த்து அன்றைக்குத் தூக்கம் இன்னும் கெடும் என்று நினைத்தேன். வினோதமாக, கொஞ்சம் லேசாக இருந்தது. மனைவியோடு உட்கார்ந்து நோட்டில் எழுதினோம், கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் முதல் முறை. அவளுக்கு நான் பயந்துகொண்டிருந்ததே தெரியாதாம், எரிந்து விழுகிறேன் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறாள்.

டாக்டரைப் பார்த்தேன். பி12 ரொம்பக் குறைவு, ஊசி. இன்னொரு மாத்திரையும் தந்திருக்கிறார். மேனேஜரிடம் மீட்டிங்கை வாரம் மூன்று நாளாகக் குறைக்க முடியுமா என்று கேட்டேன், கேட்பதற்கு முன் மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். அவர் "அட, எனக்கும்தான்யா முடியல, குறைச்சுடலாம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். செங்கொடிக்காரருக்கு ஒரு வணக்கம்.

ஆனால் இன்னொன்று பாக்கி. தூக்கம் திரும்பினாலும், கடன் அடைந்தாலும், இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு ஊசி இல்லை என்று நினைக்கிறேன்.

15. பழையகேஷியர் – பிப்ரவரி 12, காலை 7.50

ஜோசியம் இல்லை தம்பி, கூட்டல் கழித்தல்.

அந்தக் கேள்வி ஓய்வு பெற்ற மறுநாள் எனக்கு வந்தது. ஒரு வருஷம் பேப்பரை வரி விடாமல் படித்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் கூப்பிட்டான் என்று பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வு எழுதப் போனேன். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். நான் வணிகவியல், அவர்களுக்கு வரலாறு, பாடம் வேறு என்பதால் அனுமதித்தார்கள். மூன்று மணித் தேர்வுக்கு அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், ஆக நான்கு மணி நேரம் கை வலிக்கும். அது பெரிதில்லை. முதல் நாள் நான் எழுதிக்கொடுத்த பெண் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள். எனக்குச் சரியான வருஷம் தெரியும். 34 வருஷம் அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். கையைக் கட்டிப்போட்டு, அவள் சொன்ன தப்பை அப்படியே எழுதினேன். அது அவள் தேர்வு. வெளியே வந்து டீ குடித்தபோது கை நடுங்கியது. அன்றைக்கு ராத்திரி அப்படி ஒரு தூக்கம்.

16. ஈரமணல் – பிப்ரவரி 17, இரவு 9.15

இந்த இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். மேடவாக்கத்தான் அண்ணா, எப்படியும் ராத்திரி முழித்துத்தான் இருக்கிறீர்கள். சனிக்கிழமை நீலாங்கரைக்கு வாங்களேன்? பங்குனி ஆமை முட்டையிட வருகிற காலம். 1988-லிருந்து மாணவர்கள் நடத்துகிற அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்போம். வேலை என்று பார்த்தால் நடப்பது மட்டும்தான். இந்த வருஷம் மனசு கஷ்டமாக இருக்கும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நம் கரையில் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வருகிறது. வலைக்குள் மாட்டிய ஆமை மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துப்போகும்.

17. மேடவாக்கத்தான் – பிப்ரவரி 24, இரவு 9.00

போனேன்.

பதினொன்றரைக்கு நீலாங்கரையில் கூடினோம், பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், என்னைப் பார்த்து "அங்கிள்" என்று கூப்பிட வாயெடுத்து "அண்ணா" என்று மாற்றினார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, சத்தம் கூடாது. முதல் அரை மணி நேரம் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய் வந்தது. பாலவாக்கம் தாண்டும்போது ஒன்று செத்துக் கிடந்தது. கண் பிதுங்கி, ஓட்டில் பாசி. அளந்து குறித்துக்கொண்டார்கள், யாரும் எதுவும் பேசவில்லை, நடந்தோம்.

கொட்டிவாக்கம் பக்கத்தில் முன்னால் போன பெண் நின்றாள். கடலிலிருந்து மேலே ஏறி மறுபடி கடலுக்கே போன தடம், சின்ன டிராக்டர் ஓட்டிய மாதிரி இரண்டு பக்கமும் கீறல். ஆமை போய்விட்டிருந்தது. மேட்டில் ஓரிடத்தில் மணல் கலைந்திருந்தது. ஒரு குச்சியால் மெதுவாகக் குத்திக் குத்திப் பார்த்தார்கள், ஓரிடத்தில் குச்சி பொசுக்கென்று இறங்கியது. அங்கே கையால் தோண்டினோம். ஒன்றரை அடி, குடுவை மாதிரி குழி, வாய் குறுகி வயிறு அகலம். என் கையை விடச் சொன்னார்கள். முழங்கை தாண்டி உள்ளே போனதும் விரலில் பட்டது. ஈரமாக, வழவழவென்று, அழுத்தினால் லேசாகக் குழிகிற மாதிரி, டேபிள் டென்னிஸ் பந்து அளவு. கோழி முட்டை மாதிரி உடையாது. வெதுவெதுப்பாக இருந்ததா, அது என் கையின் சூடா, தெரியவில்லை.

எண்ணுகிற வேலை எனக்கு. எழுபதுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது. பத்தொன்பது வயசுப் பெண், "பரவால்ல அண்ணா, முதல்லேர்ந்து" என்றாள். என் வேலையில் எண்ணிக்கை தப்பினால் யாரும் இப்படிச் சொன்னதில்லை. 112. துணிப் பையில் வைத்துக்கொண்டு திருவான்மியூர் வழியாக நடந்தோம். வழியெல்லாம் ஒரு பக்கம் கடல் கறுப்பு, இன்னொரு பக்கம் வீடுகளின் விளக்கு. குஞ்சு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம்தான் போகுமாம். ஒரு காலத்தில் ராத்திரி வெளிச்சம் கடல் பக்கம்தான் இருந்தது. இப்போது ரோட்டுப் பக்கம். அதனால்தான் இவர்கள் எடுத்துக்கொண்டுபோய் வைக்கிறார்கள்.

பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைத்தோம். 45-லிருந்து 55 நாளில் பொரியும். குச்சியில் தேதியும் எண்ணும் எழுதினார்கள், 112 என்று எழுதியபோது கேஷியர் சாரை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது நாலரை. ஞாயிறு பத்து மணி வரை தூங்கினேன்.

இது எதற்கும் பதில் என்று சொல்ல மாட்டேன். அந்த 112-இல் எத்தனை பெரிதாகும், யாருக்கும் தெரியாது. அது தெரியாமலேயே அந்தப் பிள்ளைகள் வருஷா வருஷம் நடக்கிறார்கள், அது எனக்கு என்னவோ செய்கிறது, சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

18. ரங்கநாதன்தெரு – பிப்ரவரி 26, இரவு 11.40

சார் எழுதியதைப் படித்து எனக்கும் அந்த முட்டையைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை ராத்திரி எனக்குக் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டமே. தேடிப் போகவும் நேரம் வேண்டும் சார், அதையும் சம்பளம் மாதிரி ஒருவருக்கு நிறைய, ஒருவருக்குக் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

என்னுடையது எது என்று யோசித்தேன். மாம்பலத்தில் பத்தேகாலுக்கு மேல் வருகிற செங்கல்பட்டு வண்டி, லேடீஸ் பெட்டி. ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்காருவேன், அந்த நேரத்தில் இடம் கிடைக்கும். எதிரே ஒரு அக்கா தினமும் மறுநாளைக்கு அவரைக்காய் நார் உரிப்பார், மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை. பூ விற்று மிச்சமானதைக் கட்டிக்கொண்டே ஒரு பாட்டி வருவார். யாரும் யாரையும் "எப்படி இருக்கே" என்று கேட்பதில்லை. நான் கையை நீட்டினால் பாதி அவரைக்காய் என் மடிக்கு வரும். பல்லாவரம் வரைக்கும் பேச்சே இருக்காது, நார் உரிக்கிற சத்தம்தான். தாம்பரம் தாண்டினால் யாராவது யாரையாவது பற்றி ஆரம்பிப்பார்கள், அப்புறம் கூடுவாஞ்சேரி வரை சிரிப்புதான். போன மாதம் அந்த அக்கா நான்கு நாள் வரவில்லை. போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. ஐந்தாவது நாள் ஏறினார், காய்ச்சலாம். பையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

19. ஓய்வுபெற்றவன் – பிப்ரவரி 27, காலை 6.30

அம்மா, முதல் பதிவில் "எங்கள் காலம்" என்று எழுதினேன். நேற்று என் வீட்டம்மாவிடம் கேட்டேன், நீ அப்போது எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று. பதினொன்று என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது.

20. சும்மாதான்வந்தேன் – பிப்ரவரி 27, காலை 8.15

பெரியவரே, உங்களுக்கு ஒரு சல்யூட். சோழநாட்டாரே, உங்கள் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்தார்களா இல்லையா? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

21. சோழநாட்டான் – பிப்ரவரி 27, இரவு 7.00

எடுத்தார்கள், ஒரு வாரம் கழித்து. மேடவாக்கம் தம்பி, மன்னார்குடியில் உங்கள் அம்மா எந்தத் தெரு? நான் வாரா வாரம் உரக்கடைக்கு அங்கேதான் வருகிறேன். போன் எடுக்கவில்லை என்றால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தெருவை இங்கே எழுத வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

22. மேடவாக்கத்தான் – மார்ச் 11, இரவு 10.05

அனுப்பினேன் அண்ணா. நீங்கள் போனதை அம்மா சொன்னார். காபி குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள் என்று என்னைத்தான் திட்டினார்.

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள், மீட்டிங் மறுபடி 8.30. வாரம் மூன்று நாள். நேற்று இரண்டரைக்கு விழித்தேன், தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன், அப்புறம் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. மற்றபடி எல்லாம் அப்படியேதான். சோழிங்கநல்லூர் தகரத் தடுப்பை இன்னும் இரண்டடி நகர்த்தியிருக்கிறார்கள், எங்கள் பக்கமாக.

23. சும்மாதான்வந்தேன் – மார்ச் 12, மதியம் 1.20

தல, இந்தச் சனிக்கிழமை நானும் வரலாம் என்று பார்க்கிறேன். அவ்வளவு தூரம் மணலில் நடக்க ஷூ போட்டுக்கொண்டு வரவா, செருப்பா?

24. ஈரமணல் – மார்ச் 12, மதியம் 1.45

செருப்பு போதும் அண்ணா, பாதி தூரத்தில் எப்படியும் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பீர்கள். தண்ணீர் பாட்டில் எடுத்து வாங்க. சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வாங்க, வழியில் கடை இருக்காது.